வெளியிலிருந்தே திருத்தலாம்

“வீட்டுல இருந்தே வேலை பாக்கணும்னு கேட்டியே, முதல்ல அதுக்கு வழி பண்ணு” என்றார் மேலாளர். “நம்ம வெப்சைட் ஃபைலையெல்லாம் வெளியூர்ல இருந்தே திறந்து திருத்துற மாதிரி சர்வர்ல ஏற்பாடு செய்.”

அம்மா படுத்த படுக்கை. பக்கத்து வீட்டு அத்தை முகம் சுளித்துக்கொண்டே பார்த்துக்கொள்கிறாள். வீட்டிலிருந்து வேலை பார்க்க நான் அனுமதி கேட்டபோதெல்லாம், “குடும்பத்துலயே முதல்ல படிச்சவ, அந்தத் திமிரு” என்று ஊருக்கே கேட்கத் திட்டிய மனிதர் இவர். இந்த ஆளுக்குக்கூட மனசு இருக்கிறதே என்று நினைத்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அந்த ஏற்பாட்டை முடித்தேன்.

“வெளியூர்ல ஒரு பொண்ணு இருக்கு. அதை வச்சு சோதிச்சுப் பாரு” என்று எண்ணைக் கொடுத்தார்.

பாவம், போனில் வந்த பெண் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தாள்.

“பயப்படாதம்மா, சர்வர் ஒண்ணும் கடிக்காது.”

“உள்ள போயிட்டேன்க்கா! நீங்க இல்லேன்னா நான் காலி!”

“ஏதாவது ஒரு பக்கத்தைத் திருத்தி சேவ் பண்ணு, பாக்கலாம்.”

“சார் ஏற்கெனவே ஒரு வேலை குடுத்திருக்காருக்கா. ‘எங்கள் ஊழியர்கள்’ பக்கத்துல மூணாவது போட்டோவைத் தூக்கிட்டு என் போட்டோவைப் போடணுமாம். இதோ, போட்டுட்டேன். சரியா வந்திருக்கா, பாருங்கக்கா.”

பக்கத்தைத் திறந்தேன். என் முகம் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தான் வந்திருக்கு” என்றேன்.