பல்லி சொன்ன வீடு

நகரத்தின் நடுவே ஒரு பழைய தெருவில் சின்ன ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. அதன் சுவரில் ஒரு பல்லியும் பரணில் ஒரு எலியும் குடியிருந்தன. பூவராகனும் அவர் மனைவி திலகாவும் வீட்டைப் பார்க்க வந்தார்கள்.

"மார்க்கெட் பக்கத்துலயே இருக்கு. வாங்கிடலாமாங்க?" என்றாள் திலகா.

பல்லிக்கு மனசு கேட்கவில்லை. "உத்திரம் முழுக்கக் கரையான்மா, வாங்காதீங்க!" என்று கத்தியது.

"பல்லியே சொல்லிடுச்சு, நல்ல சகுனம்" என்று திலகா சுவரை விரலால் தட்டினாள். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

"உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?" என்றது எலி.

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"இனிமே அவங்க என்ன பேசினாலும் நீ சும்மா இரு."

பல்லி சரியென்றது.

பத்திரம் பதிந்த மறுநாள் பூவராகன் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். "கரையான் அரிச்சிருக்கு. மொத்தமா இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாமா?"

"ஐயையோ, வேண்டாம்!" என்று அலறிவிட்டது பல்லி.

"பாருங்க, மறுபடியும் சொல்லிடுச்சு" என்றாள் திலகா.

எலி பரணுக்கு ஓடியது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கீழே இறக்க ஆரம்பித்தது.