காலிக் கொக்கி

"இத்துனூண்டு சாமானுக்கு ஓவன் போட முடியாதும்மா. கரண்டு பில்லு எவன் கட்றது?"

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில், இரும்புக்குச் சாயப்பொடி அடித்து ஓவனில் சுடும் பவுடர் கோட்டிங் பட்டறை நடத்தும் ஆனந்தன் கையை விரித்தான். எதிரே மஞ்சப்பையும் கையுமாக ராஜம். பை நிறைய துருப்பிடித்த ஜன்னல் கொண்டிகள், தாழ்ப்பாள்கள். கல்பாக்கத்தில் வீடு. கடல் காற்று இரும்பை மென்று துப்பிவிடும்.

"புச்சா வாங்கிக்கம்மா."

"பழைய வீடுப்பா. இந்த அளவு எங்கேயும் கிடைக்கல. கிடைச்சா உன்கிட்ட ஏன் மல்லுக்கட்டறேன்?" என்றவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அங்க வரிசையா தொங்குதே, அது நடுவுல கொக்கி காலியாத்தானே இருக்கு? அதுல மாட்டிவிடு. எனக்கும் அதே கறுப்பு போதும்."

"ஐயோ, அது கம்பெனி மாலும்மா. பவுடரும் அவங்களுது. பாத்தாங்கன்னா ஆர்டரே பூடும்."

"சீட்டு காலியா இருந்தா பஸ்ல ஆளை ஏத்திக்க மாட்டானா?"

சரியான கஞ்சப் பிசினாறி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டான் ஆனந்தன். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மதியம் வரை அசையவில்லை. தொல்லை ஒழிந்தால் போதும் என்று துருவை எடுத்து, பவுடர் அடித்து, கம்பெனி மாலோடு மாலாக ஓவனில் தள்ளினான்.

எல்லாம் பளபளவென்று வெளியே வந்த நேரம் பார்த்து வாசலில் பைக் வந்து நின்றது.

கம்பெனியின் தரப் பரிசோதகர் பிரவின்குமார்! போன மாசம் ஒரு துளி தூசுக்காக மொத்த லோடையும் திருப்பி அனுப்பிய புண்ணியவான். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் ஆனந்தன் பேங்க் லோனே வாங்கியிருந்தான்.

வந்தவர் கண் நேராகப் போய் கொண்டியில் நின்றது.

"இது நம்ம பார்ட் இல்லையே?"

"சாம்பிள் சார்."

"ஜன்னல் கொண்டியா சாம்பிள்?"

ராஜம் முன்னால் வந்தாள். "என்னுதுதான் சார். தம்பி முடியாதுன்னுதான் சொல்லிச்சு. நான்தான் விடல."

அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடிச்சது நம்ம பவுடரா?"

"ஆமா சார்."

"தனியா ஓவன் போடல?"

"இல்ல சார். கூடவே வச்சிட்டேன்."

ஒரு கொண்டியை எடுத்து நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துருவை முழுசா எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார்."

"கம்பெனில வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார். சத்தியமா இன்னிக்குத்தான் சார், மொதோ தடவ!"

கொண்டியை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"போச்சு! மேனேஜருக்குப் போன் பண்றாரு" என்று தலையில் கைவைத்தான் ஆனந்தன். "நல்லா பஸ்ல ஏறினம்மா. என்னை நடுரோட்டுல எறக்கிட்ட."

ராஜத்துக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "நான் வேணா அவர் கால்ல விழறேன்ப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரவின்குமார் திரும்பி வந்தார். கையில் அவருடைய லேப்டாப் பை. ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். பையைத் திறந்தார். உள்ளே லேப்டாப் இல்லை. பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம்தான் இருந்தது. பிரித்து, துரு உதிர உதிர இரண்டு ஊஞ்சல் கொக்கிகளை மேஜைமேல் வைத்தார்.

"சதுரங்கப்பட்டினத்துல மாமியார் வீடு" என்றார், குரலைத் தாழ்த்தி. "உப்புக் காத்து. கொஞ்சம் கெட்டியாவே அடிங்க!"