கதவுக்கு நல்ல விலை

பிள்ளைகள் குர்ஆன் ஓதும் பழைய ஓதப்பள்ளியைக் காப்பாற்ற நிதி சேர்க்கும் வருடாந்தக் கைப்பணிச் சந்தை அது. பன்பாய்களும் கைத்தறிச் சாரன்களும் விலைபோகாமல் கிடந்தன. ஓதப்பள்ளித் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் ஒரு பாய்கூட வாங்கவில்லை. ஆனால் ஒலிவாங்கியை மட்டும் விடவில்லை.

"நம்மட மூத்தவாப்பாமார் கட்டின பள்ளி! ஒரு ஓடும் விழ விடமாட்டம்!"

மாலை வகுப்பை விட்டுவிட்டு, ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்க வந்ததற்காக என்னையே நொந்துகொண்டேன்.

ஓதப்பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் சுலைஹா ராத்தா, காலையிலிருந்து பாய்க்கடையில் இருந்தவர், எழுந்து வந்தார்.

"ஹாஜியார், கூரை ஒழுகுது. மாரிக்குள்ள திருத்தாட்டி புள்ளையள எங்க கொண்டு போற?"

"கவலப்படாதங்க ராத்தா. கொழும்புத் தொர ஒராள் பழைய சித்திரக் கதவொண்ட நல்ல வெலைக்கு எடுத்துட்டாரு. கூரைக்குக் காணும்."

சாக்கில் சுற்றியிருந்த அந்தக் கதவை லொறியில் ஏற்ற நானும்தான் கைகொடுத்தேன். யாருடையது என்று கேட்கத் தோன்றியது. பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது?

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற ராத்தா, சாவியோடு ஓதப்பள்ளியைப் பூட்டப் போனார்.

போன வேகத்திலேயே திரும்பி வந்து, சாவியை ஹாஜியாரின் மேசையில் வைத்தார்.

"இதையும் அந்தத் தொரைக்கே அனுப்புங்க, ஹாஜியார். கதவு அவருக்கிட்டத்தானே இரிக்கி!"