யானையைத் தாங்கும் ஆக்ஸில்

"ஏங்க, அளவு விஷயமா ஒண்ணு சொல்லணும்."

தையல் டேப்பும் கையுமாகக் கார் ஷெட்டில் நின்றாள் மனைவி. பழைய காருக்கு அடியில் படுத்திருந்த கணவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"தையல் டேப்பை வெச்சுக்கிட்டு ஆக்ஸிலைப் பத்திப் பேச வந்துட்டா! ஆக்ஸில்னா என்னன்னு தெரியுமா? பின்சக்கரம் ரெண்டையும் தாங்குற இரும்பு. பழசு நோஞ்சான். இது வேன்ல இருந்து கழட்டினது. யானையே ஏறினாலும் அசையாது!"

"சக்கரம் ரெண்டும் வெளிய துருத்திக்கிட்டு நிக்குதே..."

"பக்கத்துக்கு நாலு விரல் அகலம் ஜாஸ்தி. அதான் கெத்து! ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறேன், என் சகலை வாயைப் பிளக்கணும். நீ போய் உன் வேலையைப் பாரு."

அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. மூக்கு தெருவுக்கு வந்தது, கதவுகளும் வந்தன. அப்புறம் 'ணங்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. ஷெட் வாசலின் இரண்டு தூண்களிலும் பின்சக்கரங்கள் முட்டிக்கொண்டு நின்றன. சொன்னபடியே ஆக்ஸில் அசையவில்லை.

"இந்த வாசலைத்தான் அன்னிக்கே அளந்துட்டுச் சொல்ல வந்தேன்" என்றாள் மனைவி.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"என் வேலையைப் பாக்கச் சொன்னீங்க. பாத்துட்டேன்." கைப்பையிலிருந்து, அக்கா ஊருக்கு முன்பதிவு செய்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள்.

"ஒண்ணுதான் இருக்கு? எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குங்க? நீங்கதான் கார்ல வர்றீங்களே!"