பதறாதவன் பக்கம்

மூன்றாம் முறையும் மணிக்கட்டுப் பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சகாயமேரி சொன்ன எதுவும் பதிவாகவில்லை. நாடி படபடத்தால் அந்த வாக்குமூலத்தைக் குடும்ப நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது என்பது புது விதி.

எதிர்ப்பக்கம் அவள் புருஷன் டைட்டஸ் பச்சை விளக்கோடு நின்றான். "சேட்டை பண்ணுனான், சூடு வச்சேன். பெத்த அப்பன் கண்டிக்கக் கூடாதா?" என்று காபி கேட்பதுபோல அவன் சொன்னது முழுக்கப் பதிவாகிவிட்டது. மறுத்துச் சொல்ல அவளுடைய வார்த்தை ஒன்றுகூடப் பதிவில் இல்லாததால் அது கண்டிப்பு என்றே நின்றது.

"நிதானமா சொல்லுங்கம்மா," என்றார் பதிவாளர் தணிகாசலம். "சட்டத்துல ஒரு எழுத்துகூட மாறல. கொடுமைப்படுத்துற அப்பன்கிட்ட புள்ளைய விடமாட்டாங்க. இது வெறும் நடைமுறைதான்."

சகாயமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையைக் கழற்றி அவர் கையில் மாட்டினாள். நான்கு வயது மகனின் உள்ளங்காலில் தோசைக்கரண்டியின் தடம் பழுத்துக் கிடந்த படத்தைப் போனில் திறந்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாத்துக்கிட்டே என் மனுவ நீங்க வாசிங்க சார்."

தணிகாசலம் வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியிலேயே குரல் தடுமாறியது. பட்டை சிவந்தது.

"யாரோ பெத்த புள்ளைக்கே உங்களுக்கு இப்படி அடிச்சுக்குதே, பெத்தவ நான் எப்படி சார் பச்சையில பேசுவேன்?" என்றாள். "இப்பச் சொல்லுங்க, சட்டம் மாறலன்னு."