அம்மா வீட்டுக் கோடு

கோடு எழவில்லை.

அம்மா வீட்டு மின்செலவைக் காட்டும் கைப்பேசித் திரையை அவன் மறுபடியும் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தான். மஸ்கட்டில், முகாம் வாசலில், கம்பெனிப் பேருந்து ஹாரன் அடித்தது.

தூத்துக்குடியில், அம்மா மட்டும் இருக்கும் வீட்டில், வெயில் ஏறிவிட்டது. மொட்டைமாடிச் சூரியத் தகடுகள் மின்சாரம் தந்துகொண்டிருந்தன. பேட்டரி நிரம்பிக்கொண்டிருந்தது.

வீடுதான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜைத் தவிர.

இந்நேரம் மிக்ஸி ஓடியிருக்க வேண்டும். கோடு ஒரு முள்போல எழுந்து இறங்கியிருக்க வேண்டும். தினமும் அதைப் பார்த்த பிறகுதான் அவன் பேருந்தில் ஏறுவான்.

“ஏல, நான் சட்னி அரைக்கத அங்கயிருந்து வேவு பாக்கியாக்கும்?” என்று அம்மா சிரித்திருக்கிறாள்.

அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

இங்கிருந்து அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான்.

கைப்பேசியிலேயே மோட்டாரைப் போட்டான்.

கோடு செங்குத்தாக எழுந்தது.

தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்தால் அம்மாவுக்குப் பொறுக்காது. லாரிக்குக் குடத்தோடு நின்றவள். எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடிவந்து நிறுத்துவாள். பிறகு அழைத்துத் திட்டுவாள்.

திட்டட்டும்.

பேருந்து போய்விட்டது. கோடு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு செல்வமேரி அழைத்தாள்.

“தம்பி, ஒங்க தொட்டி நெறஞ்சு தெருவெல்லாம் தண்ணி ஓடுது. அம்மாவக் கூப்புட்டா சத்தமே இல்ல. கோயிலுக்குக் கீயிலுக்குப் போயிருக்காவளா?”

“அக்கா, கதவ ஒடச்சிருங்க.”



“இருங்க, எங்க வீட்டுக்காரவுகளக் கூட்டிட்டுப் போறேன்.”

வைத்துவிட்டாள்.

அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது திடீரென்று விழுந்தது. யாரோ மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள்.

அம்மாதான் என்று நினைத்தான். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இப்போது போனைத் தேடிக்கொண்டிருப்பாள்.

பேட்டரி நிரம்பிவிட்டது. மிச்ச மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகத் தொடங்கியது.

போன் வரவில்லை.

பிறகு கோடு சற்றே உயர்ந்தது. ஒரு மின்விசிறி.

இன்னொன்று.

இன்னும் ஒன்று.

வீட்டிலிருந்த அத்தனையும், ஒன்றன்பின் ஒன்றாக.

தீபாவளிக்கு எல்லோரும் வந்திருக்கும்போதுதான் கோடு அந்த உயரத்துக்குப் போகும்.

செல்வமேரியின் பெயர் திரையில் வந்து அதை மறைத்தது.

அது அடித்து ஓயட்டும் என்று அவன் காத்திருந்தான்.