அவரவர் பொட்டலம்

ஆறாவது பொட்டலத்துக்கும் அவள் செவ்வரளியையே வைத்தாள்.

கட்டுவது அவள்தானே, பார்ப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

கோயிலின் பின்பக்கம். உச்சி வெயில். வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. காக்கை, குருவி எதையும் காணோம்.

பூக் கேட்பது என்றால் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் முன்னால் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வழக்கம் அவ்வளவுதான்.

இன்றைக்கு ஆறு.

அதுவும் அவள் சொன்ன கணக்குதான். வாய் சும்மா இருந்தால்தானே!

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள், புருஷனின் அண்ணன் நாச்சிமுத்து, தம்பி பூவேந்திரன். உள்ளே அவள் புருஷன் தெய்வசிகாமணி, வாயில் குழாயோடு. மிஷினை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதா, இருக்கட்டும் என்று விடுவதா? டாக்டர் கையை விரித்துவிட்டார். நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் கொண்டுபோக வேண்டும். பட்டது போதும் என்கிறார்கள்.

அவளுக்கு இருக்க வேண்டும். மூச்சு வருகிறதே, அது போதாதா?

அம்மனைக் கேட்டுவிடலாம், சிவப்பு வந்தால் இருக்கட்டும், வெள்ளை வந்தால் கொண்டுபோவோம் என்றார் நாச்சிமுத்து. ஆளுக்கொரு பொட்டலம் என்றான் பூவேந்திரன். அண்ணன் முகம் சுருங்கியது. தூக்கி வளர்த்தவன் பேச்சும் ஒன்று, பின்னால் பிறந்தவன் பேச்சும் ஒன்றா?

அவள் கணக்கு டீச்சர். நிறையிட்ட சராசரியைப் போன வாரம்தான் பிளஸ் ஒன்னுக்கு நடத்தியிருந்தாள். எல்லாரையும் சமமாக எடுக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு நிறை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். பெண்டாட்டிக்குத்தான் அதிகம் வரும் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

வளர்த்த அண்ணனுக்கு மூன்று. கூடப்பிறந்த தம்பிக்கு இரண்டு. வந்தவளுக்கு ஒன்று. ஐந்தில் வெள்ளை, ஒன்றில்தான் சிவப்பு.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு, ஒன்று.

சரி. சீசா பலகையில் எடை இல்லாதவள் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தால் எதிரே எத்தனை குண்டர் இருந்தாலும் தூக்கிவிடலாம். அந்த ஓரம் அவளுக்குக் கிடைத்தது. பொட்டலம் கட்டுவது பொம்பளை வேலை என்று இரண்டு பேரும் முன்மண்டபத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

வெள்ளரளி முழுவதையும் கிணற்றில் கொட்டினாள்.

தாம்பாளத்தைக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்தாள்.

பூசாரி கற்பூரம் காட்டினார். சுடர் குச்சி மாதிரி நேராக நின்றது.

தாயே, மன்னிச்சுக்கோ. எதை எடுத்தாலும் அவர் இருக்கட்டும்.

பூசாரி கண்ணை மூடினார். கை தாம்பாளத்தின் மேலே சுற்றியது. சட்டென்று நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது போல இறங்கியது.

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்தது. குரைக்கவில்லை. உள்ளேயே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்து போனது.

எடுத்த பொட்டலத்தைப் பூசாரி அவளிடம் நீட்டினார். கட்டியவள்தான் பிரிக்க வேண்டும்.

நாரில் விரல் பட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது.

ஈரம். இந்த நிமிஷம் கட்டியது போல ஈரம். முறுக்கு இடப்பக்கம் போயிருந்தது.

அவள் கட்டினால் வலப்பக்கம் போகும். அந்தக் குடும்பத்தில் யார் கட்டினாலும் வலப்பக்கம்தான். இடது கைக்காரர் ஒரே ஒருவர்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வந்த புதிதில் குழாயைப் பிடுங்கப் பிடுங்கப் போனார் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவைத்திருக்கிறார்கள். காலையில்கூடப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

பிரித்தாள்.

வெள்ளை.

நாச்சிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கேட்டது கிடைத்தவர் அழுகிற அழுகையாகவே இல்லை.

பூவேந்திரன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஆறும் இங்கியே கெடக்குதுங்க."

ஒன்றைப் பிரித்தான். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. கடைசி வரைக்கும் பிரித்தான். அண்ணன் பார்த்தார். பூசாரி பார்த்தார். அவள் செய்தது எல்லாருக்கும் புரிந்தது. பூவேந்திரன் அவள் கையிலிருந்த ஏழாவதைக் காட்டினான்.

"அப்பறம் இது ஆருதுங்க அண்ணி?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம். எதைத்தான் கேட்டுச் செய்தார் இந்த மனுஷன்? காட்டை விற்றதும் கேட்காமல், மில் வேலையை விட்டதும் கேட்காமல். படுத்த படுக்கையாகியும் அந்தப் புத்தி போகவில்லையே!

கோபத்தோடேயே வாய்விட்டு அழுதாள். அவர்களோடு சண்டை போட்ட வாயால், அம்மனிடம் பொய் சொன்ன வாயால் அழுதாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளரளியை உள்ளங்கையில் வைத்து மூடினாள். பூ வெதுவெதுப்பாக இருந்தது.

"கார எடுங்க தம்பி," என்றாள். "போன ஒடனே, மொதல்ல அவரு கையை அவுத்துவுடச் சொல்லோணும்."